தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூர்: தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்குப் போடுவது எப்படி

பெரியம்மா முதல்முறையாகச் சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது, டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவலையாக உட்கார்ந்திருந்தார். திருச்சியில் புறப்பாடு 10:30, சிங்கப்பூரில் வருகை 17:20 என்று அதில் இருந்தது. விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏழு மணி நேரம் எப்படி உட்கார்ந்தே வர்றது தம்பி, என் முட்டி தாங்குமா?" என்று கேட்டார். உட்கார வேண்டியது நாலே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது.

அன்று தாளில் போட்ட கணக்கைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து முதல்முறை சிங்கப்பூர் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுவது இது. வேறு இரண்டு ஊர்களுக்கு என்றாலும் முறை ஒன்றுதான், எண்கள் மட்டும் மாறும்.

முதலில் டிக்கெட்டைப் படிக்கப் பழகுங்கள்

விமான டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களும் ஒரே கடிகாரத்தின் நேரங்கள் அல்ல. புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், போய்ச் சேரும் நேரம் போய்ச் சேரும் ஊரின் நேரம். உலகம் முழுக்க எந்த விமான நிறுவனமானாலும் இப்படித்தான் போடுவார்கள்.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே பெரியம்மாவின் டிக்கெட்டில் இருந்த 17:20ஐ முதலில் நம் ஊர் நேரத்துக்குக் கொண்டு வர வேண்டும். இரண்டரை மணியைக் கழித்தால் 14:50. அதிலிருந்து புறப்பட்ட 10:30ஐக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். பயண நேரம் இதுதான்.

திரும்பி வரும்போது கணக்கு மறுபக்கம் திரும்பும். சிங்கப்பூரில் 19:15க்குக் கிளம்பித் திருச்சிக்கு 21:00 மணிக்கு வருவதாக ஒரு டிக்கெட் இருந்தால், ஒன்றே முக்கால் மணியில் வந்துவிடலாம் போலத் தோன்றும். 21:00உடன் இரண்டரையைக் கூட்டினால் சிங்கப்பூர் நேரம் 23:30. அதிலிருந்து 19:15ஐக் கழித்தால் 4 மணி 15 நிமிடம். இரண்டு நேரத்தையும் ஏதாவது ஒரே ஊரின் கடிகாரத்துக்குக் கொண்டு வந்துவிட்டு, பிறகு கழியுங்கள். இந்த ஒன்று கைவந்துவிட்டால் எந்த நாட்டு டிக்கெட்டும் குழப்பாது.

இந்த இரண்டரை மணி நேரம் எப்படி வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பூமி ஒரு பாகை சுற்ற நாலு நிமிடம் ஆகிறது. திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே தீர்க்கரேகையில் சுமார் 25 பாகை வித்தியாசம். அப்படியானால் சூரியக் கணக்குப்படி வித்தியாசம் ஒரு மணி நாற்பது நிமிடம்தான். ஆனால் சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, மலேசியாவோடு சேர்ந்து கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டது. அதற்கு முன்பு நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே வருஷம் முழுக்கக் காலை ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. முதல் நாள் ஆறு மணிக்கு எழுந்து, இன்னும் இருட்டாக இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம்.

இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் கிடையாது. அதனால் இந்த இரண்டரை எப்போதும் இரண்டரையேதான். லண்டன் போகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை என்று மாறிக்கொண்டே இருக்கும்.

நள்ளிரவு டிக்கெட்டும் தேதியும்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பையன், வேலை கிடைத்து முதல்முறை கிளம்பியவன், 15ஆம் தேதி 00:50க்கு விமானம் என்ற டிக்கெட்டோடு 15ஆம் தேதி இரவு பத்து மணிக்கு விமான நிலையத்துக்குப் போய் நின்றான். விமானம் போய் இருபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. கடன் வாங்கி எடுத்த டிக்கெட். அன்றைக்கு அவன் அம்மா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

15ஆம் தேதி 00:50 என்றால் 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். ராத்திரி பத்து மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 00:00 முதல் 03:00 வரை உள்ள எந்தப் புறப்பாட்டையும் பார்த்தால், உடனே நாள்காட்டியில் *முந்தின நாள்* கட்டத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்: "இன்று இரவு விமானம்." வீட்டில் எல்லோருக்கும் வாயாலும் சொல்லி வையுங்கள்.

தூரத்தை எப்படி அளப்பது

இணையத்தில் இரண்டு ஊர்களின் பெயரைப் போட்டுத் தேடினால் மூன்று நாலு எண்கள் வரும். ஒன்றில் 2,980, ஒன்றில் 1,850, இன்னொன்றில் 1,610 என்று இருக்கும். மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள்.

போனில் கூகுள் மேப்ஸ் இருந்தால் திருச்சி விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு முள் விழும். கீழே வரும் விவரத்தில் தூரத்தை அளக்கும் வசதி இருக்கும். அதைத் தொட்டு, வரைபடத்தைச் சாங்கி விமான நிலையம் வரை நகர்த்தினால் தூரம் வந்துவிடும். ஊருக்கு ஊர் அளக்காமல் விமான நிலையத்துக்கு விமான நிலையம் அளப்பதுதான் நமக்கு வேண்டியது.

போன் இல்லாமலும் போடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், ஏனென்றால் எண் எங்கிருந்து வருகிறது என்று நமக்கே புரியும். திருச்சி விமான நிலையம் வடக்கே 10.8 பாகை, கிழக்கே 78.7 பாகையில் இருக்கிறது. சாங்கி வடக்கே 1.4, கிழக்கே 104. தெற்கு நோக்கி 9.4 பாகை, கிழக்கு நோக்கி 25.3 பாகை போக வேண்டும். ஒரு பாகை என்பது சுமார் 111 கி.மீ. ஆகவே தெற்கே 1,043 கி.மீ., கிழக்கே 2,808 கி.மீ. பூமத்திய ரேகையை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வரும் என்பதால் கிழக்குத் தூரத்தில் கொஞ்சம் குறைத்து 2,790 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,979 வருகிறது. பூமியின் வளைவை முழுக்கக் கணக்கில் எடுத்துப் போட்டாலும் 2,980 பக்கம்தான் வரும்.

இந்தத் தாள் கணக்கு இவ்வளவு ஒத்துவருவதற்குக் காரணம், இரண்டு ஊர்களும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதுதான். டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் தூரத்துக்கு இந்த வழி உதவாது, அங்கே வரைபடத்து நேர்கோடும் உருண்டையின் மேல் உள்ள குறுக்குவழியும் வேறு வேறாகிவிடும்.

வரைபடத்தில் அந்தக் கோட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். திருச்சியிலிருந்து கோடியக்கரைப் பக்கம் கரையைத் தாண்டி, பருத்தித்துறைக்கு வடக்கே கடலில் இறங்கி, வங்காள விரிகுடாவைக் கடந்து, சுமத்திரா தீவின் வடகோடியான அச்சே மேலாக மலாக்கா நீரிணைக்குள் போகும். விமானங்கள் தமக்கென்று வகுத்த வான்பாதைகளில் போவதால் உண்மையான பாதை இதிலிருந்து கொஞ்சம் விலகும். ஆனாலும் ஜன்னல் சீட்டு கிடைத்தால், கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே நிலம் முடிந்து கடல் தொடங்குவதைப் பார்க்கலாம். எங்கள் தாத்தா இதே கடலைக் கப்பலில் கடந்தவர். 1926இல் கட்டிய ரஜூலா என்ற கப்பல் நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும், கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்துபோனது.

தூரத்திலிருந்து நேரம்

திருச்சியிலிருந்து பெரும்பாலும் ஏ320, போயிங் 737 வகை விமானங்கள்தான் பறக்கின்றன. உயரத்தில் நிலைத்துப் பறக்கும்போது இவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 830 கி.மீ. 2,980ஐ 830ஆல் வகுத்தால் 3 மணி 35 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் 4:20 என்று இருக்கிறதே, மீதி முக்கால் மணி எங்கே போனது?

டிக்கெட்டில் போடுவது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் இல்லை. நிற்கும் இடத்திலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளத் தொடங்குவது முதல், அங்கே போய் வாயிலில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைப்பது வரை எல்லாம் சேர்த்தி. ரன்வே வரை உருண்டு போக வேண்டும், மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, இறங்க வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும், சாங்கி போன்ற பெரிய நிலையத்தில் இறங்கிய பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும். தாமதம் வந்தாலும் சமாளிக்க நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவும் போட்டுக்கொள்கின்றன. ஆகவே ஜெட் விமானத்துக்கு ஒரு எளிய வாய்ப்பாடு: தூரத்தை 830ஆல் வகுத்து, முக்கால் மணியைக் கூட்டுங்கள். இந்த அளவு தூரங்களுக்கு டிக்கெட் நேரத்தோடு கால் மணிக்குள் ஒத்துவரும்.

வேகம் எல்லா விமானத்துக்கும் ஒன்றல்ல. சென்னை–யாழ்ப்பாணம் சுமார் 355 கி.மீ.தான், சென்னை–கொழும்பு 650 கி.மீ. ஆனாலும் இரண்டுக்கும் டிக்கெட்டில் ஒன்றேகால் மணிக்கு முன்பின்னாகத்தான் போடுவார்கள். யாழ்ப்பாணத்துக்கு வெளியே சுழல்விசிறி தெரியும் ஏடிஆர் விமானம் போகிறது, அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. பக்கம்தான். கொழும்புக்கு ஜெட். தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு நம் பக்கத்திலேயே இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

காற்றையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகப் பலமான காற்று அடிக்கும். தரையில் அடிக்கும் காற்றுக்கு நேரெதிர்த் திசை. சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று, வரும் விமானத்துக்குத் துணைக்காற்று. மணிக்கு 40 கி.மீ. எதிர்க்காற்று என்றால் 830 என்பது 790 ஆகிறது, பதினோரு நிமிடம் கூடுகிறது. நம் பாதையில் இதன் விளையாட்டு இவ்வளவுதான். நீண்ட பாதைகளில் காற்று பெரிய விஷயம். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகத் திருப்பிவிட்டது. சுமார் 1,400 கி.மீ. கூடுதல் தூரம், மொத்தம் 15,300 கி.மீ. ஆனாலும் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் பதினாலரை மணி நேரத்தில் போய் இறங்கியது, பழைய வழியைவிடச் சீக்கிரமாக.

அப்புறம், நாடுகள் வான்வழியை மூடினாலும் நேரம் மாறும். 2022இல் ரஷ்ய வான்வழி மூடப்பட்ட பிறகு ஹெல்சின்கி–டோக்கியோ விமானம் ஒன்பதரை மணியிலிருந்து பதின்மூன்று மணி நேரம் வரை ஆனது. சிங்கப்பூர் வழியில் இப்போதைக்கு அந்தத் தொல்லை இல்லை.

வாசலிலிருந்து வாசல் வரை

இதுவரை போட்டது விமானத்தின் கணக்கு. உங்களுக்கு வேண்டியது உங்கள் வீட்டு வாசலிலிருந்து பிள்ளை வீட்டு வாசல் வரை எவ்வளவு நேரம் என்பது. டிக்கெட் வாங்குவதற்கு *முன்பே* இதைப் போட்டுவிடுங்கள், வாங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் அறுபது கி.மீ.க்குள். காரில் ஒன்றேகால் மணி, நெரிசலையும் சேர்த்து ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாக அங்கே இருப்பது நல்லது. செக்-இன் கவுண்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், முதல்முறை போகிறவர்களுக்கு இமிகிரேஷனில் நாலு கேள்வி கூடுதலாகவும் வரலாம். விமானத்தில் 4:20. சாங்கியில் இமிகிரேஷன், பெட்டி எடுப்பது என்று ஒரு மணி. அங்கிருந்து வீட்டுக்கு டாக்சியில் அரை மணி முதல் முக்கால் மணி. கூட்டினால் பத்தரை மணி நேரம் வருகிறது.

இதே பயணத்தைச் சென்னை வழியாகப் போட்டுப் பாருங்கள். சென்னை–சிங்கப்பூர் சுமார் 2,920 கி.மீ., திருச்சியைவிட 60 கி.மீ. குறைவு. பறக்கும் நேரத்தில் மிச்சமாவது நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து ரயிலில் ஆறேழு மணி நேரம் பயணம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போய், விமான நிலையத்துக்குள் நுழைய இன்னொரு மணி. மொத்தம் பதினாறு மணிக்கு மேல் போய்விடும்.

சென்னைக்கே போகக் கூடாது என்று சொல்லவில்லை. அங்கே விமானங்கள் அதிகம், பகலில் போகும் வசதி கிடைக்கும், கால் நீட்ட இடமுள்ள பெரிய விமானங்களும் உண்டு. திருச்சி டிக்கெட்டைவிட நல்ல வித்தியாசத்தில் மலிவாகவும் சில நாட்களில் இருக்கும். ஆனால் ரயில் செலவு, வழியில் சாப்பாடு, தேவைப்பட்டால் ஒரு ராத்திரி அறை வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். வயதானவர்களை அனுப்புவதாக இருந்தால் என் யோசனை திருச்சிதான். 2024இல் திறந்த புது முனையம் விசாலமாக இருக்கிறது, நடக்கும் தூரமும் சமாளிக்கக்கூடியது.

கோலாலம்பூர் வழியாக மாறிப் போகும் டிக்கெட் சில சமயம் மலிவாகக் கண்ணில் படும். திருச்சி–கோலாலம்பூர் சுமார் 2,690 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் 300 கி.மீ. தூரத்தைக் கூட்டினால் நேர்வழிக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் நடுவில் நாலைந்து மணி நேரம் உட்கார வைத்துவிடுவார்கள். மொத்தப் பயண நேரம் என்று டிக்கெட்டில் தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட் எண்தானா என்பதையும் பாருங்கள். தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முதல் பயணத்துக்கு நேர் விமானத்தையே எடுங்கள்.

கிளம்பும் முன் நேரத்தோடு சம்பந்தப்பட்ட சில வேலைகள்

சிங்கப்பூர் போகும் இந்தியர்களுக்கு விசா வேண்டும், அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தைப் போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் அரசாங்கத்தினுடையது இல்லை, மூடிவிடுங்கள். படிவத்தில் போட வேண்டியது சிங்கப்பூர்த் தேதி. ராத்திரி எட்டரைக்கு இங்கிருந்து கிளம்பினால் அங்கே போய் இறங்குவது மறுநாள், இதில் பலர் தவறிவிடுகிறார்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டரை மணி நேர வித்தியாசத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம்.

ராத்திரி போய் இறங்குவதாக இருந்தால் சாங்கியிலிருந்து கடைசி எம்ஆர்டி ரயில் பதினொன்றரைக்குள் போய்விடும், அதற்குப் பிறகு டாக்சிதான். பகலில் என்றால் எம்ஆர்டியே போதும். லிட்டில் இந்தியா போகிறவர்கள் எக்ஸ்போ ஸ்டேஷனில் மாறி டவுன்டவுன் லைனில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம்.

கடைசியாக, அங்கே கூப்பிட வரும் பிள்ளைகளுக்கு "நாலு மணிக்கு வர்றேன்" என்று சொல்லாதீர்கள். எந்த ஊர் நாலு மணி என்று அவர்களுக்குத் தெரியாது. விமான எண்ணைச் சொல்லுங்கள், டிக்கெட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எண் இருந்தால் ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் விமானம் எங்கே வருகிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பெரியம்மா போனபோது அக்கா அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விமானம் சுமத்திராவைத் தாண்டியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள், பெரியம்மா பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் கண்ணாடிக் கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.